நாப்பத்தஞ்சாயிரம் ரூபா சத்தம்

"கிரவுன் பினியன் போயிடுச்சு சார். நாப்பத்தஞ்சாயிரம் ஆவும். வண்டிய விட்டுட்டுப் போங்க."

வண்டிய ஓட்டிப் பாக்கல. அடியில குனிஞ்சு பாக்கல. பின் சக்கரத்தக் கையால முன்னயும் பின்னயும் ரெண்டு ஆட்டு ஆட்டுனாரு. லொடக், லொடக்னு கொஞ்சம் ஆடுச்சு. அவ்வளவுதான், தீர்ப்பு சொல்லியாச்சு.

(எந்தப் பட்டறைன்னு கேக்காதீங்க. பக்கத்து ஊரு. பேரு வேண்டாம்.)

நான் வண்டிய விட்டுட்டு வரல. மெதுவா ஓட்டிக்கிட்டு எங்க ஊரு, காரைக்கால் தலத்தெருவுக்கே திரும்பி வந்துட்டேன். எந்தச் சத்தத்துக்காகப் பட்டறைக்குப் போனேனோ, வர்ற வழியெல்லாம் அந்தச் சத்தம் கூடவே வந்துச்சு. வயித்துல புளியக் கரைச்ச மாதிரி இருந்துச்சு. நாப்பத்தஞ்சாயிரம்னா சும்மாவா? எங்கிட்ட இருக்கறது கொஞ்சம் நெல்லு வயல், வீட்டுக்குப் பின்னாடி தென்னையும் காய்கறியும். அதுக்காக வாங்குன சின்ன டிராக்டர்தான் இது. நாங்க 'தோட்டத்து வண்டி'ன்னுதான் சொல்லுவோம்.

அடுத்த எட்டு நாள்ல அந்தச் சத்தத்த நானும், ஊரு மெக்கானிக் அண்ணனும், எங்க தெரு சொல்தா தாத்தாவும் சேர்ந்து கண்டுபிடிச்சோம். அந்தக் கதையத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

சின்ன டிராக்டர் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய டிராக்டருன்னா நாப்பது, அம்பது எச்.பி. இருக்கும். இது இருபதுக்கும் கீழ. மஹிந்திரா யுவராஜ் பதினஞ்சு எச்.பி.ல வருது. 1967-ல பெங்களூர்ல ஆரம்பிச்ச விஎஸ்டி கம்பெனி ஜப்பான் மிட்சுபிஷியோட சேர்ந்து பவர் டில்லர் கொண்டாந்துச்சு, அப்புறம் சின்ன டிராக்டரும் போட்டாங்க. என்னோடது எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. வந்த கோளாறுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே கிடையாது. கடைசி வரைக்கும் படிச்சா உங்களுக்கே தெரியும்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

சம்பாவுக்குச் சேறு அடிச்சு முடிச்சு ஒரு பத்து நாள் இருக்கும். டிரெய்லர்ல எரு ஏத்திக்கிட்டு வர்றேன். பின்னாடியிலேருந்து 'டக்'. கொஞ்ச தூரம் போனா மறுபடி 'டக்'. டிரெய்லர் கொக்கி ஆடுதுன்னு நெனச்சேன். டிரெய்லரக் கழட்டிட்டு ஓட்டுனேன். அப்பவும் 'டக்'. இன்னும் உன்னிப்பா கேட்டா, அந்த டக்குக்கு அடியில இன்னொரு சத்தம். உர்ர்ர்ர்னு. வேகம் கூடுனா கூடுது, குறைஞ்சா குறையுது. மாவு மிஷின் தூரத்துல ஓடுற மாதிரி.

ரெண்டு சத்தம். இத நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. ஒரே சத்தம்னு நெனச்சதுனாலதான் முதல் மூணு நாள் வீணாப் போச்சு.

டீக்கடையில சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "புல் கியர் பல்லு ஒடஞ்சிருக்கும்"னு ஒருத்தர். "கியர் பாக்ஸே போச்சு, வித்துடுங்க"ன்னு ஒருத்தர். "டயர்ல தண்ணி இருக்குல்ல, அதான் குலுங்குது மாமா"ன்னு ஒரு தம்பி.

அந்தத் தம்பி சொன்னத நான் ஒதுக்கல. பின் டயர்ல நெசமாவே தண்ணி அடைச்சிருக்கேன். சின்ன வண்டி எடை பத்தாம வழுக்கும், அதுக்காக டயர் உள்ள முக்கால்வாசி வரைக்கும் தண்ணி நிரப்புறது வழக்கம். (பனி கொட்டுற நாட்டுல வெறுந்தண்ணி ஒறஞ்சுடும்னு கால்சியம் குளோரைடு கலப்பாங்களாம். நமக்கு அந்தக் கவலை இல்ல. ஆனா உப்புத்தண்ணி அடைக்காதீங்க, ரிம்மு துருப்புடிச்சுப் போயிடும். கடலோரத்துல போர் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்துட்டு அடைங்க.) ஆனா தண்ணி சத்தம் 'களக் களக்'னு இருக்கும். வண்டிய நிறுத்துன பிறகும் ஒரு நொடி கேக்கும். என் சத்தம் அப்படி இல்ல. சக்கரம் நின்னா சத்தமும் பட்டுனு நின்னுச்சு.

மெக்கானிக் அண்ணன் சாயங்காலம் வந்தாரு. வந்ததும் ஸ்பேனர எடுக்கல. "ஓட்டுங்க, நான் கூட நடந்து வர்றேன்"னாரு. அந்த ஒரு வார்த்தையிலயே எனக்குப் பாதி பாரம் எறங்கிடுச்சு.

இடது டயர்ல சாக்பீஸால ஒரு பெரிய கோடு போட்டாரு. முதல் கியர்ல நான் ஊருறேன், அவரு பக்கத்துல நடக்குறாரு. டக். ஒரு சுத்து. டக். ஒரு சுத்து. டக். கோடு தரையத் தொடுற அதே எடத்துல ஒவ்வொரு தடவையும்.

"நிறுத்துங்க. இது கிரவுன் இல்ல."

எப்படிண்ணே?

அவரு சொன்ன கணக்க அப்படியே தர்றேன். தங்கமான கணக்கு. இஞ்சின்லேருந்து வர்ற சக்தி கியர் பாக்ஸத் தாண்டி பினியனுக்கு வருது. பினியன் கிரவுன் வீலச் சுத்துது. கிரவுனோட சேர்ந்து டிபரன்ஷியல் சுத்துது. அதுலேருந்து ரெண்டு பக்கமும் ஒரு சின்ன பல்சக்கரம், அதான் புல் பினியன். அது பெரிய புல் கியரச் சுத்துது. புல் கியரோட தண்டுதான் ஆக்ஸில், அதோட மொனையில சக்கரம். ஒவ்வொரு கட்டத்துலயும் வேகம் குறைஞ்சுக்கிட்டே வரும். இந்த மாதிரி வண்டியில சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள கிரவுன் சுமாரா நாலஞ்சு சுத்து சுத்திடும் (வண்டிக்கு வண்டி மாறும்). பினியன் அதவிடப் பல மடங்கு. அப்ப கிரவுன்ல ஒரு பல்லு ஒடஞ்சிருந்தா சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள நாலஞ்சு 'டக்' கேக்கணும். பினியன் பல்லுன்னா எண்ணவே முடியாது, கடகடன்னு வரும். சுத்துக்கு ஒண்ணே ஒண்ணுன்னா, சக்கரத்தோட சேர்ந்து சுத்துற பொருள்லதான் கோளாறு. அப்படிப்பட்டது மூணே மூணு: புல் கியர், ஆக்ஸில், சக்கரம்.

இத எண்ணிப் பாக்க ஆன செலவு ஒரு துண்டு சாக்பீஸ்.

மூணுல எத முதல்ல பாக்கறது? எதக் கழட்டாம பாக்க முடியுமோ அத. சக்கரம். அண்ணன் உக்காந்து ஒவ்வொரு போல்ட்டா ஸ்பேனர் போட்டாரு. டிராக்டர் பின் சக்கரத்துல நடுத்தட்டு தனி, ரிம்மு தனி. ரெண்டயும் காதுகள்ல போல்ட்டு போட்டு மாட்டியிருப்பாங்க. அதத் திருப்பி மாட்டுனா ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற அகலத்தக் கூட்டலாம், குறைக்கலாம். கோடையில பருத்தி போட்டப்ப பாருக்குள்ள போறதுக்காக அகலத்தக் குறைச்சேன். சேறு அடிக்கறதுக்கு முன்னாடி மறுபடி பழையபடி மாட்டுனேன். மாட்டுன பிறகு ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டிட்டுத் திரும்பவும் இறுக்கணும். அத நான் செய்யல.

இடது ரிம்முல ரெண்டு போல்ட்டு கையாலயே சுத்துச்சு. ஓட்டையச் சுத்திப் பெயிண்ட்டு தேஞ்சு இரும்பு பளபளன்னு தெரிஞ்சுது. பளபளப்பு இருந்தா அந்த எடத்துல அசைவு இருக்குன்னு அர்த்தம். துருவோ தூசியோ படிஞ்சு கெடந்தா அசையலன்னு அர்த்தம். இதுவும் அண்ணன் சொன்னதுதான்.

ரெண்டு போல்ட்டு புதுசாப் போட்டு இறுக்கினோம். ஓட்டுனேன். டக் போயிடுச்சு! எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுல கேசரி செஞ்சாங்க.

மறுநாள் காலையில ஆளில்லாத ரோட்டுல மூணாவது கியர் போட்டேன்.

உர்ர்ர்ர்.

அது அப்படியேதான் இருந்துச்சு.

இங்க சொல்தா தாத்தா வர்றாரு. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: எங்க காரைக்கால் 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்துல இருந்த ஊரு. சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுப் பட்டாளத்துல வேலை பாத்துட்டு வந்தவங்கள இன்னைக்கும் 'சொல்தா'ன்னுதான் கூப்புடுவோம். எங்க தெரு தாத்தா பட்டாளத்துல வண்டிப் பட்டறையில இருந்தவரு. இப்ப கண்ணு மங்கல். ஆனா காது இருக்கே, எங்க யாருக்கும் அந்தக் காது கிடையாது.

திண்ணையில உக்காந்தபடியே, "வண்டிய இங்கேருந்து அங்க ஓட்டு, அங்கேருந்து இங்க ஓட்டு"ன்னாரு. ஓட்டுனேன். "கிளச்ச மிதிச்சுக்கிட்டு உருட்டு"ன்னாரு. உருட்டுனேன். இஞ்சின் சத்தம் எறங்கிடுச்சு, உறுமல் எறங்கல. "அப்ப இஞ்சினும் இல்ல, கிளச்சும் இல்ல. சக்கரத்தோட வேகத்துக்குத்தான் அது பேசுது. இப்ப வலது பக்கம் ஒடி. இப்ப இடது பக்கம் ஒடி."

வலது பக்கம் ஒடிச்சா உறுமல் கூடுச்சு. இடது பக்கம் ஒடிச்சா அமுங்குச்சு.

"வலது பக்கம் திரும்புனா பாரம் இடது சக்கரத்துல சாயும்டா தம்பி. இடது பக்கம் பேரிங்க பாரு."

பேரிங்குதான்னு எப்படித் தாத்தா சொல்றீங்க? கிரவுன்னா?

"கிரவுன் பினியன் அழும். ஊளை மாதிரி. ஆக்சிலேட்டர் குடுத்தா ஒரு ராகம், விட்டா ஒரு ராகம். பாரத்துக்குப் பாரம் மாறும். பேரிங்கு அப்படி இல்ல, குடுத்தாலும் விட்டாலும் ஒரே உறுமல்தான்."

ஆனாலும் எனக்கு மனசு ஆறல. பட்டறைக்காரரு சக்கரத்த ஆட்டிக் காட்டுனாரே, லொடக்குன்னுச்சே, அது என்ன? அண்ணன்கிட்ட கேட்டேன். "அந்த ஆட்டம் ஒரே எடத்துல இருக்கற ஆட்டம் இல்லீங்க. புல் கியர் பல்லுக்கு நடுவுல கொஞ்சம், டிபரன்ஷியல்ல கொஞ்சம், கிரவுன்ல கொஞ்சம், கியர் பாக்ஸ்ல கொஞ்சம், எல்லாம் சேர்ந்து சக்கரத்துல தெரியுது. புது வண்டியிலயே இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல எண்ணெய்க்கு எடம் வேணாமா?"

அடுத்த ஞாயித்துக்கிழமைதான் இந்தக் கதையில எனக்கு ரொம்பப் புடிச்ச நாள். கிரவுன் குத்தவாளியா இல்லையான்னு, ஒரு போல்ட்டு கழட்டாம, எண்ணெய் ஒரு சொட்டு எறக்காம கண்டுபிடிச்சோம்.

முதல்ல பாதுகாப்பு. இத தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. டிராக்டர் முன் ஆக்ஸில் நடுவுல ஒரே ஒரு முள்ளுல நிக்குது. மேடு பள்ளத்துல சாயறதுக்காக அப்படி. பின்பக்கத்தத் தூக்குனீங்கன்னா வண்டி அந்த முள்ளுலயே ஒரு பக்கமாக் கவுந்துடும். அதனால முன் ஆக்ஸிலுக்கும் மேல இருக்கற சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் கட்டை ஆப்பு அடிக்கணும். முன் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை. கெட்டியான தரையில ஜாக்கி. தூக்குன பிறகு ஜாக்கிய நம்பாம ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு. செங்கல் வைக்காதீங்க. செங்கல் சொல்லாம கொள்ளாம ஒடையும். தென்னங்கட்டையா இருந்தாலும் விரிசல் இல்லாததா பாருங்க.

ரெண்டு பின் சக்கரமும் அந்தரத்துல. இஞ்சின் ஆஃப், சாவி என் பையில. ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சு. டிபரன்ஷியல் லாக் விழல. முதல் கியரப் போட்டு வச்சோம். இப்ப என்ன ஆவும்? கியர் விழுந்திருக்கறதுனால பினியன் அசையாது. பினியன் அசையலன்னா கிரவுனும் அசையாது. அந்த நெலமையில இடது சக்கரத்தக் கையால முன்னாடி சுத்துனா, வலது சக்கரம் தானாப் பின்னாடி சுத்தும். டிபரன்ஷியலோட வேலையே அதுதான். நடுவுல இருக்கற ஸ்டார் பினியன்கள் ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்கு ஆட்டத்த மாத்தி விடும்.

(இந்த டிபரன்ஷியலுக்கும் எங்க ஊருக்கும் ஒரு சின்ன ஒறவு இருக்கு. இன்னைக்கு வண்டிகள்ல இருக்கற மாதிரி டிபரன்ஷியலுக்கு 1820-களோட கடைசியில பாரிஸ்ல காப்புரிமை வாங்குனவரு ஒனெசிஃபோர் பெக்கர்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. தொழில் கடிகாரம் செய்யறது. நீராவி வண்டிக்காக யோசிச்சாரு. அப்ப காரைக்காலும் பிரெஞ்சுக்காரங்க கையிலதான் இருந்துச்சு. தாத்தாகிட்ட இதச் சொன்னப்ப அவரு மொகத்துல வந்த சிரிப்ப நீங்க பாத்திருக்கணும்.)

நான் சக்கரத்தச் சுத்துறேன். தண்ணி அடைச்ச டயருன்னாலும் சுத்த முடியுது, தண்ணி எப்பவும் அடியிலயே நிக்கறதுனால. அண்ணன் ஒரு அடி நீள ஸ்க்ரூடிரைவர எடுத்து, மொனைய ஆக்ஸில் ஹவுசிங் மேல வச்சு, கைப்பிடியக் காதுல அழுத்துனாரு. டாக்டரு ஸ்டெதாஸ்கோப் வைக்கற மாதிரி. (இஞ்சின் ஓடும்போது இதச் செஞ்சா துணி, முடி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் சுத்துற பொருள் பக்கம் போகக் கூடாது. நாங்க கையால சுத்துனதுனால பயமில்ல.)

வலது பக்கம் வச்சாரு. "அமைதி."

நடுவுல வச்சாரு. "அமைதி."

இடது பக்கம், சக்கரத்துக்கு ஒட்டுன மாதிரி வச்சாரு. ஒண்ணும் பேசல. ஸ்க்ரூடிரைவர என் கையில குடுத்தாரு. நான் காதுல வச்சேன்.

கர கர கர கர. மணல்ல ஆட்டுக்கல்லு சுத்துற மாதிரி.

கிரவுன் அசையவே இல்ல, பினியன் அசையவே இல்ல, ஆனா சத்தம் வருது. அப்ப அதுங்க ரெண்டு மேலயும் போட்ட குத்தம் அங்கேயே தள்ளுபடி. நாப்பத்தஞ்சாயிரம் ரூபா வேலை தேவையே இல்லன்னு அந்த நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு. நான் உள்ள ஓடிப்போய் வீட்டுல சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம் எண்ணெய். இந்த வண்டியில கியர் பாக்ஸ், டிபரன்ஷியல், ஹைட்ராலிக் மூணுக்கும் ஒரே எண்ணெய். பதினெட்டு லிட்டர். வண்டிய ராத்திரி முழுக்க அசைக்காம நிறுத்தி வச்சுட்டு, காலையில அடிப் பிளக்க முழுசாக் கழட்டாம மெதுவா ரெண்டு மரை மட்டும் தளத்துனோம். தண்ணி கலந்திருந்தா அது அடியில தங்கியிருக்கும், முதல்ல அதுதான் வரும். வந்துச்சு. ஒரு டம்ளர் அளவுக்குக் கலங்கல் தண்ணி, பின்னாடியே எண்ணெய். எண்ணெய் தேன் நெறத்துல இருக்கணும். இது பால் ஊத்துன டீ மாதிரி இருந்துச்சு.

பிளக் மொனையில காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நெறத்துல மை மாதிரி படிஞ்சிருந்தா பயப்பட வேணாம், எல்லா வண்டியிலயும் படியும். துண்டு துண்டா, நகம் அளவுக்கு இரும்பு ஒட்டியிருந்தா பல்லு ஒடஞ்சிருக்கு. எங்களுக்கு வந்தது ரெண்டுக்கும் நடுவுல: மையோட சேர்ந்து கொஞ்சம் செதில், மீன் செதிலவிடப் பொடிசு. பேரிங்கோட ஓடுபாதை உரிஞ்சா இப்படித்தான் வருமாம்.

சரி, பேரிங்கு போச்சு. தண்ணி போனதுனால போச்சு. தண்ணி எப்படிப் போச்சு? நல்ல ஆயில் சீல்தானே இருந்துச்சு?

இடது சக்கரத்தக் கழட்டுனோம். அந்த எடத்துலதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ஆக்ஸில் தண்டச் சுத்தி, சீலுக்கு வெளிப்பக்கம், பச்சை நெறத்துல ஒரு வளையம். விரல் தடிமன். கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. பிளாஸ்டிக் வாஷருன்னு நெனச்சேன். அண்ணன் கத்தியால கீறி இழுத்தாரு. இழை இழையா வந்துச்சு.

நைலான் வலை.

எங்க தோட்டத்து வேலி!

கடலோர ஊருல இருக்கறவங்களுக்கு இது புரியும். பழைய மீன் வலைய வாங்கிட்டு வந்து தோட்டத்தச் சுத்திக் கட்டுவோம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு பக்கம் கெடைக்கும். மலிவு, ஆடு வராது, கோழி வராது. நானும் கத்திரிப் பாத்தியச் சுத்திக் கட்டியிருக்கேன். ஆடு முட்டி முட்டி அங்கங்க கிழியும். கிழிஞ்ச துண்டு தரையில கெடக்கும், அது மேலயே வண்டிய ஏத்தி எறக்குவேன். ஒரு இழை ஆக்ஸில்ல மாட்டுனா போதும். சுத்தச் சுத்த உள்ள இழுத்துக்கிட்டே போவும். ஒண்ணு மேல ஒண்ணா இறுகி வளையமா ஆயிடும். அப்புறம் சீலோட ரப்பர் உதட்ட அறுக்கும். அலையில நின்னு இழுத்தாலும் அறுந்து போகக் கூடாதுன்னு செஞ்ச நூலு, ரப்பர விடுமா?

அதோட சம்பா சேறு. டெல்டாவுல டிராக்டருக்கு ஆக்ஸில் எங்க இருக்கு, சேறு எங்க இருக்குன்னு பாருங்க. கேஜ் வீல் போட்டு எறக்குனா ஆக்ஸில் மொனை சேத்துத் தண்ணியிலயேதான் மணிக்கணக்கா ஓடுது. அந்த இரும்புச் சக்கரம் டயருக்கும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கறதுனால, நெம்புகோல் மாதிரி வெளிப்பக்கப் பேரிங்குல கூடுதல் பாரம் வேற. சீல் அறுந்த ஓட்டை வழியா தண்ணியும் வண்டலும் உள்ள போச்சு, எண்ணெய் பாலாச்சு, பேரிங்கு பள்ளம் பள்ளமாச்சு. வேற ஒரு மர்மமும் இல்ல.

மிச்ச வேலைய வேகமாச் சொல்லிடுறேன். ஹவுசிங்கக் கழட்டி ஆக்ஸில உருவினோம். பேரிங்க புல்லர் போட்டு இழுத்தோம். உள்வளையத்துல அம்மைத் தழும்பு மாதிரி குழி. புல் கியர் பல்லு ஒவ்வொண்ணயும் துணியால தொடச்சு டார்ச் அடிச்சுப் பாத்தோம், ஒரு பல்லும் பழுதில்ல.

பேரிங்கு பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அதோட ஓரத்துல நம்பர் வெட்டியிருக்கும். எங்களது 6208. கடைசி ரெண்டு எண்ணு 04-க்குக் குறையாம இருந்தா, அத அஞ்சால பெருக்குனா உள்துளையோட அளவு மில்லி மீட்டர்ல வரும். 08-ஐ அஞ்சால பெருக்குனா 40. தண்டு 40 மில்லி மீட்டர். இந்த நம்பரு உலகம் பூரா ஒண்ணுதான், எந்தக் கம்பெனி பேரிங்கா இருந்தாலும். அதனால 'வண்டிக் கம்பெனி பார்ட்ஸு வரணும், ஒரு மாசம் ஆவும்'னு காத்துக் கெடக்க வேண்டியதில்ல. பழசக் கையில எடுத்துக்கிட்டு நல்ல பேரிங்கு கடைக்குப் போனா வேலை முடிஞ்சுது. ஆயில் சீலுக்கும் அதே கதைதான், மூணு அளவு பொறிச்சிருக்கும்: உள்ளளவு, வெளியளவு, தடிமன். ஆனா வெலை குறைவுன்னு போலிப் பேரிங்கு மட்டும் வாங்காதீங்க. நடுக்கழனியில நிக்க வேண்டி வரும்.

வலது பக்கமும் கழட்டிப் பாத்தோம். அங்கயும் நாலஞ்சு இழை சுத்த ஆரம்பிச்சிருந்துச்சு. பேரிங்கு நல்லா இருந்துச்சு, சீல மட்டும் மாத்துனோம். உள்ள டீசல் விட்டுக் கழுவி, முழுசா வடிச்சு, புது எண்ணெய் ஊத்துனோம்.

மொத்தச் செலவு ஏழாயிரத்துச் சொச்சம். அதுல ஐயாயிரத்துக்கு மேல எண்ணெய்தான். அண்ணன் கூலியா கேட்டத நான் குறைச்சுப் பேசல, மேல போட்டுக் குடுத்தேன். எட்டு நாள்ல அவரு ஸ்பேனர் புடிச்ச நேரத்தவிடக் காது குடுத்த நேரம்தான் அதிகம். அந்த நேரத்துக்குத்தான் காசு. நாம யாரும் அதக் கூலின்னு கணக்குல சேக்கறதே இல்ல, எனக்கு அது பெரிய வருத்தம். "சும்மா பாத்துட்டுத்தானே போனாரு"ன்னு சொல்லி அனுப்பிடுறோம். அப்புறம் எவன் நின்னு கேப்பான்? சக்கரத்த ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு வாயில வந்த தொகையச் சொல்றவங்கதான் மிஞ்சுவாங்க.

வேலை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் தாத்தா வீட்டுத் திண்ணை முன்னாடி மூணாவது கியர்ல ஒரு தடவை போனேன், திரும்பி வந்தேன். தாத்தா கண்ண மூடிக்கிட்டு கேட்டாரு.

"இஞ்சின் மட்டும்தான் கேக்குது. போ, போய்ச் சோறு சாப்புடு."

இப்ப கத்திரிப் பாத்தியச் சுத்தி இருந்த வலை வேலிய எடுத்துட்டேன். வண்டி போற பக்கம் மூங்கில் பட்டை, வண்டி போகாத பக்கம் மட்டும் வலை. கிழிஞ்ச துண்டப் பாத்தா அப்பவே பொறுக்கி ஒரு சாக்குல போடுறேன். வாரத்துக்கு ஒரு தடவை சக்கரத்துக்கு உள்பக்கம் குனிஞ்சு பாக்குறேன், நூலு, கயிறு, வைக்கோல் பிரி ஏதாவது சுத்தியிருக்கான்னு. ரெண்டு நிமிஷ வேலை.

உங்க வீட்டுலயும் வலை வேலி இருந்து, அது பக்கத்துல டிராக்டரோ பவர் டில்லரோ ஓடுதுன்னா, இன்னைக்கே வெளிச்சம் இருக்கும்போது போய் ஆக்ஸிலச் சுத்தி ஒரு தடவை பாத்துடுங்க.